அந்தப் பாதையைப் போட்டவர் யார்?

முகடு என்று நம்பிப் போன இடம் பள்ளமாக இருந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு. கணினித் திரையில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் கிளம்பி, இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி வண்டியில் ஒரு மலைப்பயணம் வேண்டும். தேடித் தேடிக் கடைசியில் ஒன்று அகப்பட்டது. நீண்டு கிடக்கும் மலைமுதுகு, அதன் உச்சியை ஒட்டியே வெளிர்நிறக் கோடாக ஒரு மண்பாதை, இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் காடு. இருபுறமும் காட்சி திறந்திருக்கும் பாதை லேசில் கிடைக்காது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இவ்வளவு நல்ல இடம் என்றால் ஏன் இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை?" என்றாள். கண்டுபிடித்தவனின் பெருமையில் இருந்த எனக்கு அந்தக் கேள்வி காதில் ஏறவில்லை.

பாதை இருந்தது. மண்ணும் கெட்டியாகவே இருந்தது. ஆனால் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே, ஓடையை ஒட்டி, தலைக்கு மேலே வானத்தை ஒரு நாடா அகலத்துக்குப் பார்த்தபடி மூன்று மணி நேரம் போனோம். வெயில் பதினொரு மணிக்கு எட்டிப் பார்த்தது. ஒரு மணிக்கெல்லாம் போய்விட்டது. அக்கா ஒன்றுமே சொல்லவில்லை. அவள் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து அதே படத்தை மறுபடி திறந்தேன். அப்போதும் அது முகடாகவே தெரிந்தது! நம் கண் வெளிச்சம் மேலிருந்து விழுவதாகவே எடுத்துக்கொண்டு பழகியது. பூமியின் வடபாதியில் பெரும்பாலான இடங்களில் பகல் நேரச் சூரியன் தெற்கே நிற்கும். வடக்கை மேலே வைத்து அச்சிடும் படத்தில், அதனால் வெளிச்சம் கீழிருந்து வருகிறது, நிழல் மேல்நோக்கி விழுகிறது. மூளை அதை ஏற்க மறுத்து, மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் புரட்டிக் காட்டிவிடுகிறது. ஓடை நிழலுக்குள் மறைந்து கிடந்ததால் எனக்குத் துப்பும் கிடைக்கவில்லை. படத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். மலைமுதுகு சட்டென்று உள்ளே அமிழ்ந்து பள்ளத்தாக்காகிவிட்டது. மூன்று விநாடி வேலை. அதைச் செய்யாததற்கு ஒரு சனிக்கிழமை போயிற்று.

அந்தச் சனிக்கிழமை வீண் என்று சொல்ல மாட்டேன். அக்காவின் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுக்கொள்ள அன்றுதான் கற்றேன். இந்தப் பாதை ஏன் இங்கே இருக்கிறது? யார், எதற்காகப் போட்டார்கள்?

மலையில் பாதை வெட்டுவது விளையாட்டு வேலை கிடையாது. பாறையை உடைக்க வேண்டும், தாங்குசுவர் எழுப்ப வேண்டும், மழை முடிந்ததும் சரிந்ததை அள்ள வேண்டும். விடுமுறைக்கு வருகிறவன் மலையழகைப் பார்க்கட்டும் என்று எவரும் இவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டார்கள். மரம் இறக்க, தாது இறக்க, பீரங்கி ஏற்ற, ஆடு மேய்க்க, தண்ணீர் கொண்டுபோக, தீ எங்கே மூண்டது என்று பார்க்க என்று ஏதோ ஒரு காரியம் இருந்திருக்கும். அந்தக் காரியம் என்னவென்று தெரிந்துவிட்டால், அங்கே போகாமலேயே பாதையின் குணத்தைப் பாதிக்குமேல் சொல்லிவிடலாம். எவ்வளவு செங்குத்தாக ஏறும், எங்கே முடியும், மறுபக்கம் இறங்குமா, காட்சி இருக்குமா, எல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்தவை பழைய ராணுவப் பாதைகள். பாரம் சுமந்த கோவேறு கழுதையும் பீரங்கி வண்டியும் ஏற வேண்டும் என்று போட்டவை என்பதால் ஏற்றம் மூச்சுமுட்டாது. சரிவு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் கொண்டை ஊசி வளைவுகளை அடுக்கி, நிதானமாக ஏற்றிக் கொண்டுபோவார்கள். போய்ச் சேரும் இடமோ எதிரி வருகிறானா என்று பார்க்கத் தோதான இடம். ராணுவம் எதைப் பார்க்க அங்கே ஏறியதோ, அதே பள்ளத்தாக்கைத்தான் நாமும் பார்க்கிறோம். இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில், சூசா பள்ளத்தாக்குக்கும் கிசோனே பள்ளத்தாக்குக்கும் நடுவே உள்ள முகட்டில் அசியெட்டா பாதை ஓடுகிறது. 1747-இல் போர் நடந்த முகடு அது. பிற்காலத்தில் ராணுவம் போட்ட அந்த மண்பாதையின் பெரும்பகுதி 2,000 மீட்டருக்கு மேலேயே போகிறது. ஆல்ப்ஸ் மலையில் கரடுமுரடுப் பாதை தேடுகிறவர்கள் அதன் பெயரை முதலில் சொல்வதற்குக் காரணம் அழகுணர்ச்சி உள்ள எவரோ அல்லர். கணக்குப் போடத் தெரிந்த ராணுவப் பொறியாளர்கள்.

சுரங்கப் பாதைகளின் குணமே வேறு. தாது எங்கே கிடைத்ததோ அங்கே போய் நிற்கும். அதற்குமேல் ஓர் அடி போகாது. முதலீட்டை மிச்சம் பிடிக்கக் குறுக்கே ஏறுவார்கள், அதனால் செங்குத்து அதிகம். போகும் வழியெல்லாம் இடிந்த கொட்டகை, துருப்பிடித்த கம்பிவடம், மஞ்சள் நிறத்தில் கழிவுக்குவியல். அமெரிக்காவின் கொலராடோவில் யூரே ஊரையும் டெலுரைட் ஊரையும் இணைக்கும் இமோஜின் கணவாய் 13,114 அடி உயரத்தில் இருக்கிறது. ஜீப் ஓட்டுகிறவர்கள் கனவு காணும் இடம். அந்தப் பாதையில் டாம்பாய் என்ற சுரங்கக் குடியிருப்பின் இடிபாடுகள் இன்னும் நிற்கின்றன. கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்குவது சுரங்கப் பாதைகளில் அரிது. பெரும்பாலும் போன வழியே திரும்ப வேண்டும் என்று எண்ணிக்கொண்டே கிளம்புவது நல்லது. சுரங்க வாய்க்குள் மட்டும் எட்டிப் பார்க்க வேண்டாம். உள்ளே தளம் எங்கே முடிகிறது என்பது வெளிச்சத்தில் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாது.

மரம் வெட்டப் போட்ட பாதைகள் என்னைப் பலமுறை ஏமாற்றியிருக்கின்றன. மரக்கிளையைப் போலவே பிரிந்து பிரிந்து போகும். ஒவ்வொரு கிளையும் ஒரு வெட்டுத்திடலில் முடியும். மரங்கள் வெட்டிய புதிதில் காட்சி அகலத் திறந்திருக்கும். இருபது வருடம் கழித்துப் போனால் இளமரங்கள் சுவரெழுப்பியிருக்கும். வரைபடத்தில் இப்படிப்பட்ட பின்னலைக் கண்டால், படம் எந்த ஆண்டு எடுத்தது என்று பார்க்காமல் நான் இப்போதெல்லாம் ஆசைப்படுவதில்லை. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களையும் வரிசையாகப் புரட்டிப் பார்க்கலாம். ஒரே சரிவை மூன்று நான்கு ஆண்டுப் படங்களில் பார்த்தால் காடு மூடிக்கொண்டு வருகிறதா, பாதையின் குறுக்கே விசிறிபோல விரிந்த வெளிர்நிறத் தழும்பு புதிதாக வந்திருக்கிறதா என்று தெரியும். அந்தத் தழும்பு, மேலிருந்து கல்லும் மண்ணும் வந்து விழுந்த இடம். பாதை அங்கே இருக்காது.

மின்கம்பிக்காகப் போட்டவற்றை நான் பார்த்தவுடன் ஒதுக்கிவிடுகிறேன். மின்கோபுரங்கள் மலையின் மேடுபள்ளத்தை மதிப்பதில்லை. பாதையும் அவற்றின் பின்னாலேயே நட்டுக்குத்தாக ஏறி நட்டுக்குத்தாக இறங்கும். வண்டி பாடுபடும், எடுக்கிற படத்திலெல்லாம் கம்பி விழும். அதற்கு நேர்மாறானவை, மலைச்சரிவில் வாய்க்கால் பராமரிக்கப் போட்ட பாதைகளும், தண்டவாளம் பெயர்த்தெடுத்த பழைய ரயில் தடங்களும். தண்ணீருக்கும் ரயிலுக்கும் ஏற்றம் ஆகாது. ஆகவே அந்தப் பாதைகள் மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நுழைந்து, வெளியே வந்து, சமதளம் போலவே சரிவைச் சுற்றிக்கொண்டு போகும். ஓட்டுகிறவருக்கு அலுப்புத் தட்டலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதைவிடச் சொகுசான மலைப்பாதை கிடையாது. ரயில் தடத்தில் ஒரு சிக்கல் உண்டு. பாலம் இருந்த இடத்தில் பாலம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றுமில்லை.

தீக் கண்காணிப்புக் கோபுரங்களையும் விட்டுவிடக் கூடாது. 1910 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. அதற்குப் பிறகு மலையுச்சிகளில் காவல் கோபுரங்கள் பெருகின. நான்கு திசையும் மறைப்பின்றித் தெரிய வேண்டும் என்பதே அவற்றுக்கு இடம் தேர்ந்தெடுத்த விதி. வரைபடத்தில் ஒரு சிகரத்தில் கோபுரக் குறியும், அது வரை ஏறும் ஒற்றைத் தடமும் இருந்தால், அங்கே போய் ஏமாந்து திரும்புவது கடினம். மேகம் வந்து மூடிக்கொண்டால் ஒழிய.

இந்த விசாரணைக்கு எனக்கு வேண்டியது, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக்கோடு உள்ள ஒரு நல்ல நிலவரைபடம். பள்ளிக்கூடத்தில் புவியியல் பரீட்சைக்குப் படித்து, மறுநாளே மறந்துபோன கோடுகள்தாம். கோடுகள் நெருங்கி நின்றால் சரிவு கடுமை. விலகி நின்றால் மிதம். 1:50,000 அளவிலான வரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயரம் என்றால், அந்த இரண்டு சென்டிமீட்டருக்குள் பாதை ஐந்து கோடுகளை வெட்டினால் ஏற்றம் நூற்றுக்குப் பத்து. எந்த வண்டியும் ஏறும். பத்துக் கோடுகளை வெட்டினால் நூற்றுக்கு இருபது. அதுவும் உருளும் கல்லாக இருந்தால் நான்கு சக்கரத்துக்கும் விசை தரும் ஃபோர் வீல் டிரைவும், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சும் இல்லாமல் நான் போக மாட்டேன். கோடுகள் உயரமான பக்கத்தை நோக்கிக் கூம்பினால் அது பள்ளம், தாழ்வான பக்கத்தை நோக்கிக் கூம்பினால் முகடு. இதை மட்டும் அன்றிரவு பார்த்திருந்தேனானால் அக்காவிடம் மானம் காத்திருப்பேன்.

நான் தேடும் வடிவம் ஒன்று உண்டு. கோடுகள் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்க, பாதை அவற்றை வெட்டாமல் அவற்றோடு இணையாக ஓட வேண்டும். அதாவது செங்குத்தான சரிவின் இடுப்பில், ஏறாமலும் இறங்காமலும் போகும் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெட்டவெளி. சிகரத்தின் மேல் நின்றால் மற்ற மலைகளெல்லாம் தட்டையாகத் தெரியும். பள்ளத்தில் நின்றால் ஒன்றும் தெரியாது. மலையை மலையாகப் பார்க்க நடுச்சரிவே ஏற்ற இடம் என்பது என் கட்சி. மேலேயும் கீழேயும் ஒரே சமயத்தில் மலை இருக்கும்.

அதே வடிவம் வரைபடத்தில் வேறொன்றையும் சொல்கிறது. நான் அதை எதிரே வந்த ஒரு வண்டியிடமிருந்து கற்றேன்.

பாறையைக் குடைந்து போட்ட அலமாரித் தட்டு போன்ற பாதை அது. அகலம் ஒன்றரை வண்டி. வளைவு திரும்பியதும் எதிரே ஒரு பழைய ஜீப், முதியவர் ஒருவர் ஓட்டிக்கொண்டு இறங்குகிறார். நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைகளில் பரவலாக உள்ள மரியாதை. சரிவில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கடினம் என்பதால் வந்தது. எனக்கு அந்த விதி தெரியும். ஆகவே கம்பீரமாக நின்றேன். அவர் கண்ணாடியை இறக்கி, "தம்பி, எனக்குப் பின்னால் ஒதுங்குமிடம் முக்கால் கிலோமீட்டரில் இருக்கிறது. உங்களுக்குப் பின்னால் இரண்டு வளைவு தள்ளி இருக்கிறது. வரும்போது பார்க்கவில்லையா?" என்றார். பார்க்கவில்லை. பள்ளத்தாக்கை அல்லவா பார்த்துக்கொண்டு வந்தேன்!

பின்னோக்கி ஓட்டினேன். அக்கா இறங்கி, பாறைப் பக்கமாக நடந்தபடி கையசைத்துக்கொண்டு வந்தாள். வெளிப்புறச் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே அவள் கணக்குப்படி இரண்டு சாண். விளிம்பின் ஓரத்தில் புல் முளைத்திருந்தது. பார்க்கக் கெட்டித் தரை போலவே இருந்தது. அருகில் போய்ப் பார்த்த அக்கா, அந்தப் புல்லுக்குக் கீழே மண் அரித்துப்போய் வெறும் வேர்ப்பின்னல் தொங்குவதாகச் சொன்னாள். கண்ணாடியில் அவள் கை மட்டும் தெரிந்தது. வலது, வலது, போதும், நேராக. வாய் உலர்ந்துபோயிருந்தது. ஒதுங்குமிடத்தில் சேர்த்து நிறுத்தியதும் முதியவர் மெதுவாகக் கடந்துபோனார். போகும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார்.

அன்றிலிருந்து இப்படிப்பட்ட பாதையில் ஏறும்போது ஒதுங்குமிடங்களைச் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே போகிறோம். கடைசி ஒதுங்குமிடத்திலிருந்து எத்தனை வளைவு தாண்டினோம் என்பது எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும். செயற்கைக்கோள் படத்திலும் இவற்றை முன்னதாகப் பார்க்கலாம். பாதை லேசாகப் புடைத்த மாதிரி தெரியும். பத்து நிமிடம் புடைப்பே இல்லாமல் ஒரு பாதை ஓடினால், ஓய்வு நாளில் அங்கே போவதில்லை. வண்டிகள் குறைந்த நாளில் போகிறோம்.

பலரும் சேர்ந்து வரைந்த இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் தொடங்கியது. மலைப்பாதை தேடுகிறவர்களுக்கு அது பெரிய புதையல். அதில் மண்பாதைகளை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்திருப்பார்கள். ஐந்து என்றால் மிகக் கடினமான பாதை என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். அந்த எண் தளத்தின் கெட்டித்தன்மையைச் சொல்கிறது. ஒன்று இறுகிய தளம், ஐந்து மென்மையான வெறும் மண். காய்ந்த நாளில் ஐந்தாம் தரப் புல்வெளித் தடத்தில் சாதாரணக் கார்கூட உருண்டு போகும். பாறைப்படிகள் நிறைந்த கெட்டியான பாதை இரண்டாம் தரமாகக் குறிக்கப்பட்டு, வண்டியின் அடிவயிற்றைக் கிழிக்கவும் செய்யும். வழுவழுப்பைக் குறிக்கத் தனியாக ஓர் அளவு இருக்கிறது. யாரேனும் சிரமப்பட்டு நிரப்பியிருந்தால் அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பாதை இருக்கிறது என்பதும், அதில் போகலாம் என்பதும் ஒன்றாகிவிடாது. ஐஸ்லாந்தில் கரடுமுரடான மலைப்பாதைகளில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் போகலாம்; ஆனால் பாதையை விட்டு ஒரு சக்கரம் வெளியே இறங்குவதும் சட்டப்படி குற்றம். அங்கே பாசியில் பதிந்த தடம் ஆறப் பல ஆண்டுகள் பிடிக்கும். அமெரிக்க வனத்துறை, எந்தப் பாதையில் எந்த வண்டி எந்த மாதங்களில் போகலாம் என்று ஒரு வரைபடத்தை வெளியிடுகிறது. நெடுங்காலம் அது கறுப்புவெள்ளையாகவே வந்தது. பார்க்க ஒரு அழகும் இருக்காது, மலை இருக்கும் இடமே அப்போது அதில் தெரியாது. ஆனால் சட்டப்படி செல்லுபடியாகும் தாள் அது. எந்த நாடாக இருந்தாலும் அப்படி ஒரு சலிப்பூட்டும் தாள் எங்கேயோ இருக்கும். முதலில் அதைத் தேடுகிறேன். செல்போன் செயலியில் பளிச்சென்று தெரிந்த பாதையின் முடிவில் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்ற அனுபவம் மூன்று முறை உண்டு. ஒருமுறை வண்டியைத் திருப்பவே இடமில்லை.

'ஆஃப்ரோடு' என்ற சொல்லே இந்த விஷயத்தில் கொஞ்சம் ஏமாற்றுகிறது. சாலை இல்லாத இடத்தில் இஷ்டத்துக்கு ஓட்டுவது என்று கேட்பவருக்குத் தோன்றும். நான் சொல்வது தார் போடாத, ஆனால் பாதை என்று ஒன்று உள்ள இடத்தில் ஓட்டுவது. சேறு தேங்கிய இடத்தில் ஓரமாக விலகிப் புல்லில் ஏறுகிறவர் தன் வண்டி அழுக்காகாமல் பார்த்துக்கொள்கிறார். அடுத்த பருவத்தில் பாதை இரண்டு மடங்கு அகலமாகிவிடுகிறது. அதற்கடுத்த பருவத்தில் கேட் போட்டுவிடுகிறார்கள். சேறு என்றால் நடுவிலேயே போக வேண்டும். முடியாது என்று தோன்றினால் திரும்பிவிட வேண்டும்.

நேரக் கணக்கு வேறு இருக்கிறது. ஒரு நாள் பயணத்தில் தூரத்தை வைத்துத் திட்டமிடுகிறவர்கள் எல்லாரும் இருட்டில்தான் வீடு திரும்புவார்கள். கரடுமுரடான ஏற்றத்தில் என் சராசரி வேகம் மணிக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர். அதில் வண்டியை நிறுத்திப் பார்ப்பது, எதிரே வருகிறவருக்கு ஒதுங்குவது, குறுக்கே கிடக்கும் கல்லைப் புரட்டுவது எல்லாம் அடக்கம். நாற்பது கிலோமீட்டர் பாதையில் போய் அதே வழியே திரும்புவது என்றால் அதுவே ஒரு முழு நாள். அடிவாரத்துக்குப் போய்ச்சேரும் நேரத்தைக் கழித்து, இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத் தார்ச்சாலையில் இருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவேன். பஞ்சாங்கம் சொல்லும் சூரிய அஸ்தமனம் சமவெளிக்கு உரியது. மேற்கே ஒரு முகடு நின்றால் மலையில் அதற்கு வெகுநேரம் முன்பே நிழல் விழுந்துவிடும். ஈரப்பதமுள்ள வளைவுகளில் குளிரும் இறங்கிவிடும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அதே உயரத்துக்கு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் தன் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். கீழே துள்ளிய வண்டி மேலே முனகுவதற்குக் காரணம் இதுதான். மெக்கானிக்கைத் திட்ட வேண்டாம்.

பனி உருகும் காலத்து ஓடைகளை நான் அதிகம் பயப்படுகிறேன். இரவில் குளிரில் உருகல் குறைந்து, காலையில் ஓடை மெலிந்து கிடக்கும். வெயில் ஏற ஏற மேலே பனி கரைந்து, பிற்பகலில் வெள்ளம் வந்து சேரும். ஒருமுறை காலையில் கணுக்கால் நனையும் அளவு இருந்த ஓடையை மாலை நான்கு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தபோது தண்ணீர் கலங்கி, கரையை உரசிக்கொண்டு ஓடியது. நல்லவேளையாகக் காலையில் கடந்தபோது அக்கா ஒரு பெரிய வெள்ளைக் கல்லைக் குறித்துவைத்திருந்தாள், முழங்கால் உயரக் கல். மாலையில் அதைக் காணவில்லை. தண்ணீர் வழிந்த இடத்தில் ஒரு சுழிப்பு மட்டும் இருந்தது. கடக்கவில்லை. வண்டிக்குள்ளேயே படுத்து, விடியற்காலையில் கல் தலைகாட்டிய பிறகு கடந்தோம். ஒரு நாள் பயணம் என்று சொல்லிவிட்டு வந்ததால் வீட்டில் இருந்தவர்கள் பட்ட கவலையை இங்கே விவரிக்கப் போவதில்லை. இப்போது, எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் தொடர்பு கொள்வோம், அதற்குமேல் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

வண்டி நின்றேபோனால் நடந்து திரும்ப எத்தனை நேரமாகும் என்றும் ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறேன். 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், மேலே ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இளைப்பாறாமல், நல்ல உடல்நிலையில் நடக்கிறவருக்கான கணக்கு என்பதால் நான் அதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வேன். எட்டு மணி நேரத்துக்கு மேல் வந்தால் தனி வண்டியாகப் போவதில்லை, இன்னொரு வண்டி துணைக்கு வர வேண்டும்.

டயர் காற்றைக் குறைப்பது, இழுவைக் கயிறு, கம்ப்ரஸர் இவற்றைப் பற்றி எழுத ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, பாதி வழியில் மிதி தரையைத் தொடும். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இப்போது மேசைமேல் ஒரு வரைபடம் விரிந்து கிடக்கிறது. அதில் ஒரு கோடு என்னைப் பத்து நாட்களாகத் தூங்கவிடவில்லை. ஒரு கணவாயிலிருந்து பிரிந்து, நெருக்கமான சமஉயரக்கோடுகளுக்கு இணையாக ஆறு கிலோமீட்டர் ஓடுகிறது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பிறகு சரிவின் நட்டநடுவில் சும்மா நின்றுவிடுகிறது. சுரங்கக் குறி இல்லை, கோபுரம் இல்லை, அருகில் மேய்ச்சல் நிலமும் இல்லை. படத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்துவிட்டேன். சரிவு சரிவாகவே இருக்கிறது. வாய்க்கால் வெட்டத் தொடங்கிக் கைவிட்டிருப்பார்களோ என்பது என் ஊகம். ராணுவம் பாதை போட்டுக்கொண்டிருந்தபோது போர் முடிந்திருக்கும் என்கிறாள் அக்கா. பாதை முடியும் இடத்தில் வண்டியைத் திருப்ப இடமிருக்கிறதா என்று படத்தில் தெரியவில்லை. ஆகவே கணவாயிலேயே வண்டியை நிறுத்திவிட்டு அந்த ஆறு கிலோமீட்டரையும் நடக்கப்போகிறோம். நைஸ்மித் கணக்குப்படி போகவர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். என் கணக்குப்படி நான்குக்குச் சற்றுக் குறைவு. சனிக்கிழமை காலை நான்கரை மணிக்குக் கிளம்புகிறோம்.